காய்ச்சலோடு ஒரு கால் மட்டும் வீக்கம்: கிருமியால் ஆழ்சிரையில் ரத்தம் உறையுமா?

பாலாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அக்கா மகனுக்கு வந்த நோயை வைத்து இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பையன் ஏழாம் வகுப்பு. கபடி விளையாடும்போது விழுந்து முட்டியில் சிராய்ப்பு, தொடையில் அடி. சிராய்ப்பு ஆறிப் பொருக்கு உதிர்ந்த பிறகு காய்ச்சல் வந்தது. தொடையில் வலி, காலை ஊன்ற முடியவில்லை. வீட்டில் பெரியவர்கள் இடுப்பு மடிப்பைத் தொட்டுப் பார்த்து "நெறி கட்டியிருக்கு, அடிபட்ட சூடுதான்" என்றார்கள். சுளுக்கு எடுப்பவர் வந்து எண்ணெய் போட்டு உருவிவிட்டார். டவுனில் ஒரு கிளினிக்கில் காய்ச்சல் மாத்திரையும் வலி ஊசியும் கொடுத்து அனுப்பினார்கள். கால் தொடையிலிருந்து பாதம்வரை வீங்கி, பளபளவென்று இறுகி, பையனுக்கு மூச்சும் வாங்க ஆரம்பித்ததும் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தொடையின் பெரிய சிரையில் ரத்தம் உறைந்து அடைத்திருப்பது தெரிந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் தொடை எலும்பை ஒட்டிச் சீழ். நெஞ்சு சி.டி.யில் இரண்டு நுரையீரலிலும் சின்னச் சின்னக் கட்டிகள். ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி என்று ரிப்போர்ட். அறுவை செய்து சீழை எடுத்தார்கள். வாரக்கணக்கில் நரம்பூசி ஆன்டிபயாடிக், வயிற்றுத் தோலில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் வகை ஊசி. இப்போது வீட்டில் இருக்கிறான், தேறி வருகிறான்.

ஆழ்சிரை உறைவு (உள்ளே ஆழமாக ஓடும் சிரையில் ரத்தம் உறைவது) என்றால் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு, படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு, புற்றுநோய் உள்ளவர்களுக்கு என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஓடி விளையாடும் பிள்ளைக்கு ஒரு கிருமி இதைச் செய்யுமா? வேறு எந்தத் தொற்றெல்லாம் இப்படிச் செய்யும்? நம்ம பக்கத்து ஆட்கள் படித்துத் தெரிந்துகொள்ளும்படி ஒரே இடத்தில் சேர்த்து வைக்கலாம் என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

—

சோதனைக்குழாய் எழுதியது:

தம்பி, பையன் தேறி வருவது மனசுக்கு நிம்மதி.

நான் வேலூரில் கிருமியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம். இந்தக் கிருமியை நாங்கள் அடையாளம் காண்பதே அது ரத்த நீரை உறைய வைப்பதை வைத்துத்தான். கோஆகுலேஸ் சோதனை என்று பெயர்.

சின்னக் கண்ணாடிக் குழாயில் நீர்த்த பிளாஸ்மா (அந்த ரத்த நீர்தான்) அரை மில்லி எடுப்போம், பெரும்பாலும் முயலின் பிளாஸ்மா. தட்டில் வளர்ந்த கிருமியைக் கொஞ்சம் எடுத்து அதில் கரைத்து, 37 டிகிரி இன்குபேட்டரில் வைப்போம். அவ்வப்போது எடுத்து மெதுவாகச் சாய்த்துப் பார்க்கணும், குலுக்கக் கூடாது. வேறு வகை ஸ்டெஃபிலோகாக்கஸ் என்றால் தண்ணீராகவே ஓடும். ஆரியஸ் என்றால் நாலு மணி நேரத்துக்குள் இளம் நுங்கு போல இறுகி நின்றுவிடும், குழாயைக் கவிழ்த்தாலும் விழாது. சில ஆரியஸ் வகைகள் உறைய வைத்ததைத் தானே திரும்பக் கரைத்தும் விடும். அதனால் சாயங்காலம் வைத்துவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் போதும் என்று விடக் கூடாது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

குழாயில் செய்வதை உடம்புக்குள்ளும் செய்யும். தன்னைச் சுற்றி ஃபைப்ரின் என்ற நாரை எழுப்பிக்கொண்டு, வெள்ளை அணுக்கள் கிட்டே வராதபடி உள்ளே உட்கார்ந்துகொள்ளும்.

—

ஆரணிப்பட்டு எழுதியது:

ஐயா, இதைப் படித்து அசந்துபோனேன். ஆனால் கிருமி எலும்பில் இருந்தது என்கிறார். ரத்தம் உறைந்தது சிரையில். எலும்பிலிருந்து சிரைக்கு எப்படிப் போனது?

—

இரவுப்பணி எழுதியது:

நான் பொது மருத்துவர், ராணிப்பேட்டை மாவட்டத்தில் வேலை. இங்கே எழுதுவது புரிந்துகொள்வதற்கு மட்டும். யாருக்கு என்ன மருந்து, எவ்வளவு நாள் என்பதைப் பார்க்கிற மருத்துவர்தான் முடிவு செய்யணும்.

வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளில், முனைக்குப் பக்கத்தில், ரத்த ஓட்டம் மெதுவாக இருக்கும் ஒரு பகுதி உண்டு. தோலில் சிராய்ப்பு, கொப்புளம் வழியாக ரத்தத்தில் கலந்த கிருமி அங்கே தங்கிக்கொள்கிறது. சீழ் பெருகி எலும்பின் மேலுறையைத் தூக்குகிறது, பக்கத்துத் தசைக்குப் பரவுகிறது. தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் பெரிய ஆழ்சிரைகள் எலும்பை ஒட்டியே போகின்றன. அழற்சி அந்தச் சிரையின் சுவரைத் தொட்டதும் உறைவு தொடங்குகிறது. உறைந்த ரத்தத்துக்குள்ளேயே கிருமி குடியேறி, அதன் துணுக்குகள் உடைந்து இதயம் வழியாக நுரையீரலுக்குப் போகின்றன. சி.டி.யில் நீங்கள் பார்த்த சின்னக் கட்டிகள் அவைதான். மூச்சு வாங்கியதும் அதனால்தான்.

ஜெர்மனி மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ 1856-இல் எழுதியதிலிருந்து இன்றுவரை எல்லா மருத்துவ மாணவர்களும் படிப்பது இதுதான்: ரத்த ஓட்டம் மந்தமானால், சிரையின் உட்சுவர் கெட்டால், ரத்தத்தின் உறையும் தன்மை கூடினால் சிரையில் உறைவு வரும். கடுமையான தொற்றில் மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும். வலியால் பிள்ளை காலை அசைக்காமல் படுத்திருக்கிறான், சீழ் சிரையை அழுத்துகிறது, கிருமியின் நஞ்சு சுவரைக் கெடுக்கிறது, கல்லீரல் உறைவுப் புரதங்களைக் கூடுதலாகச் சுரக்கிறது. அதோடு வெள்ளை அணுக்கள் தங்கள் டி.என்.ஏ.வையே வலையாக வீசிக் கிருமியைப் பிடிக்கும் என்பது 2004-இல் தெரியவந்தது. அந்த வலையில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் சிவப்பணுக்களும் ஒட்டிக்கொள்ளும். ரத்தம் உறைவது உடம்பின் தற்காப்பில் ஒரு பகுதிதான். அளவு மீறினால் ஆபத்து.

இது அரிதான நோய் என்பதையும் சொல்லிவிடணும். காய்ச்சலும் கால் வலியும் வரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இது இருக்காது. ஆனால் காய்ச்சல் இருக்கிறது, பிள்ளை காலை ஊன்றவே மாட்டேன் என்கிறான், ஒரு கால் மட்டும் வீங்குகிறது என்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டணும்.

—

கோட்டை_அகழி எழுதியது:

டாக்டர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் இப்படி எழுதிப் பயமுறுத்த வேண்டுமா? நம்ம ஊரில் மழைக்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு காய்ச்சல். எல்லோரும் டாப்ளர் எடுக்க ஓடினால் என்ன ஆகும்? என் மாமாவுக்கும் காலில் ரத்தம் உறைந்தது. கரைக்கும் மாத்திரை கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. உறைவு எதனால் வந்தால் என்ன, கரைத்துவிட்டால் முடிந்தது இல்லையா?

—

இரவுப்பணி எழுதியது:

கோட்டை சார், நல்ல கேள்வி.

ஹெப்பரின், வார்ஃபரின் எதுவும் உறைந்ததைக் கரைப்பதில்லை. உறைவு மேலே வளராமல் தடுக்கும், அவ்வளவுதான். இருப்பதைக் கரைப்பது நம் உடம்பில் இருக்கும் பிளாஸ்மின் என்ற நொதி. உங்கள் மாமாவுக்கு நடந்ததும் அதுவே: மாத்திரை வளர்ச்சியை நிறுத்தியது, உடம்பு கரைத்துக்கொண்டது.

ஆனால் உறைவுக்குள் கிருமி இருந்தால் கதை வேறு. சீழை வெளியேற்றாமல், சரியான ஆன்டிபயாடிக்கை வாரக்கணக்கில் கொடுக்காமல், ரத்தத்தை இளக்கும் மருந்து மட்டும் கொடுத்தால் காய்ச்சல் இறங்காது, நுரையீரலில் கட்டிகள் பெருகும். கிருமியை ஒழிப்பது முதல் வேலை. இளக்கும் மருந்து கூடச் சேர்வது. சில இடங்களில் அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பதிலேயே மருத்துவர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. கழுத்துச் சிரை உறைவில் அப்படித்தான், அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

அப்புறம், டெங்குவில் தட்டணு இறங்கியிருக்கும்போது இந்த மருந்து தெரியாமல் உள்ளே போனால் ரத்தக்கசிவு வந்துவிடும். அதனால் காய்ச்சலோடு உறைவு என்றால் எந்தக் காய்ச்சல் என்று கண்டுபிடித்தே ஆகணும்.

எல்லாக் காய்ச்சலுக்கும் டாப்ளர் என்று நான் சொல்லவில்லை. ஒரு பக்க வீக்கம் இருந்தால் மட்டும். உறைவு கரையும்போது வரும் துணுக்கை அளக்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை இங்கே அவ்வளவாக உதவாது, ஏனென்றால் எந்தத் தொற்றிலும் அது கூடித்தான் இருக்கும்.

—

நெய்தொழில் எழுதியது:

எங்கள் குடும்பத்தில் சுளுக்கு எடுப்பது தலைமுறையாக வந்தது. சுளுக்கு எடுப்பவரால்தான் பையனுக்கு இப்படி ஆனது என்பது போலப் பேச்சு போகக் கூடாது என்று சொல்லிக்கொள்கிறேன். தாத்தா முதலில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். காய்ச்சல் அடித்தாலோ, வீங்கிய இடம் கொதித்தாலோ கை வைக்க மாட்டார். "இது என் வேலை இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போ" என்று அனுப்பிவிடுவார்.

—

பாலாற்றங்கரை எழுதியது:

நெய்தொழில் அண்ணா, அவர்மேல் பழி போடவில்லை. உறைவு அதற்கு முன்பே தொடங்கியிருக்கும் என்றுதான் டாக்டர்களும் சொன்னார்கள். உங்கள் தாத்தா வைத்திருந்த விதி எல்லோருக்கும் தெரியணும்.

—

இரவுப்பணி எழுதியது:

அந்தத் தாத்தா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆழ்சிரையில் உறைவு இருக்கும் காலை அழுத்தி உருவினால் துணுக்கு உடைந்து நுரையீரலுக்குப் போக வாய்ப்பு உண்டு. சூடான, வீங்கிய, ஒரு பக்கக் காலுக்கு உருவுதல் வேண்டாம், ஒத்தடத்தோடு காத்திருப்பதும் வேண்டாம்.

—

காட்பாடி_ஜங்ஷன் எழுதியது:

டாக்டர் கழுத்துச் சிரை என்றதும் நானும் எழுதலாம் என்று வந்தேன். கல்லூரி விடுதியில் என் அறைத் தோழனுக்கு நடந்தது. வடக்கே இருந்து படிக்க வந்தவன், ஆரோக்கியமான ஆள், தினம் கால்பந்து விளையாடுவான். தொண்டை வலி, காய்ச்சல். மருந்துக் கடையில் கேட்டு அசித்ரோமைசின் வாங்கிப் போட்டான். தொண்டை கொஞ்சம் தேவலை என்றான். அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. கட்டில் ஆடும் அளவுக்கு நடுக்கம், வேர்வை, கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் தாடைக்குக் கீழே வலி, தலையைத் திருப்ப முடியவில்லை. மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல். வார்டனோடு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனோம். கழுத்தில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்து, பெரிய சிரை அடைத்திருக்கிறது என்றார்கள். லெமியர் நோய் என்று எழுதியிருந்தார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் தொண்டை வலியிலிருந்து ஐ.சி.யு.வரை போனதை இப்போது நினைத்தாலும் நம்ப முடியவில்லை.

—

இரவுப்பணி எழுதியது:

காட்பாடி தம்பி, நீங்கள் எழுதியதைப் பாடப் புத்தகத்தில் அப்படியே போடலாம்.

ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்ற கிருமி. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளர்வது. தொண்டைச் சதையில் தொடங்கி, பக்கவாட்டில் ஊடுருவி, உள் கழுத்துச் சிரையில் உறைவை உண்டாக்கும். அங்கிருந்து நுரையீரலுக்கும் மூட்டுகளுக்கும் சீழ்த் துணுக்குகளை அனுப்பும். பிரான்ஸில் ஆந்த்ரே லெமியர் என்ற மருத்துவர் 1936-இல் லான்செட் இதழில் 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஆன்டிபயாடிக் வராத காலம். அவர்களில் 18 பேர் இறந்துபோனார்கள். பெனிசிலின் வந்த பிறகு நோய் மிகவும் குறைந்து, மருத்துவர்களே மறந்துபோன நோய் என்று பெயர் வாங்கியது. இன்றும் வருகிறது, பெரும்பாலும் விடலைப் பருவத்தினருக்கும் இளைஞர்களுக்கும்.

கடையில் வாங்கிய அசித்ரோமைசின் அந்த வகைக் கிருமியைப் பெரும்பாலும் கட்டுப்படுத்தாது. பெனிசிலின் குடும்ப மருந்தும் மெட்ரோனிடசோலும்தான் வழக்கம், மூன்று முதல் ஆறு வாரம்வரை. தொண்டை வலி எல்லாவற்றுக்கும் ஆன்டிபயாடிக் தேவையும் இல்லை, பெரும்பாலானவை வைரஸ். ஆனால் தொண்டை வலி குறையும்போது குளிர் நடுக்கம் வந்து, கழுத்து ஒரு பக்கம் வலித்தால் அது சாதாரணத் தொண்டை வலி இல்லை.

இந்த நோயில் ரத்தத்தை இளக்கும் மருந்து தேவையா என்பதற்கு கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் சமமாக வைத்து ஒப்பிட்ட ஆய்வு கிடையாது. நோய் மிக அரிது, அப்படி ஒரு ஆய்வு நடத்தவே ஆட்கள் சேர மாட்டார்கள். உறைவு மூளைப் பக்கம் ஏறினால், அல்லது ஆன்டிபயாடிக் தொடங்கியும் உறைவு வளர்ந்தால் பலரும் கொடுப்பார்கள். என் கருத்தைக் கேட்டால், ரத்தக்கசிவுக்குக் காரணம் எதுவும் இல்லாதவருக்குக் கொடுப்பதன் பக்கம்தான் சாய்வேன். ஆனால் கொடுக்காத மருத்துவர் தவறு செய்கிறார் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

—

ஆம்பூர்_ரயிலடி எழுதியது:

மூக்கு மேல் பருவைக் கிள்ளக் கூடாது என்று அம்மா திட்டுவார்கள். அதுவும் இந்தக் கதைதானா?

—

இரவுப்பணி எழுதியது:

ஆமாம், அம்மா சொன்னது சரி. மூக்கும் மேலுதடும் சேர்ந்த பகுதியின் சிரைகள் கண் குழி வழியாக மூளைக்கு அடியில் இருக்கும் கேவர்னஸ் சைனஸ் என்ற பெரிய சிரைக் குகையோடு தொடர்பு உள்ளவை. அங்கே உறைந்தால் கண் பிதுங்கும், இமை தொங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும். பெரும்பாலும் அதே ஸ்டெஃபிலோகாக்கஸ். சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருப்பவர்களுக்குக் கறுப்புப் பூஞ்சையும் அந்த வழியில் போகும், கொரோனா இரண்டாம் அலையில் எல்லோரும் பார்த்தோமே.

—

ஜவ்வாது_தேன் எழுதியது:

நான் கிராம சுகாதார செவிலியர், போளூர் பக்கமும் மலைக் கிராமங்களிலும் வேலை பார்த்தவள். பிள்ளை பெற்ற பெண்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பிரசவம் ஆன முதல் வாரத்தில், அதிலும் சிசேரியன் ஆனவர்களுக்கு, காய்ச்சல் வந்து ஆன்டிபயாடிக் கொடுத்தும் தினமும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அடிவயிற்றில் வலி, பெரும்பாலும் வலது பக்கம். பார்த்தால் ஆளுக்கு அவ்வளவு சுகவீனம் தெரியாது. கர்ப்பப்பைத் தொற்று சினைப்பைச் சிரைவரை போய் அங்கே உறைந்திருக்கும். சி.டி. எடுத்தால்தான் தெரியும். வலது பக்க வலி என்பதால் குடல்வால் என்று நினைத்துவிடுவதும் உண்டு.

இன்னொன்று தலைக்குள் இருக்கும் சிரையில் உறைவது. பிரசவத்துக்குப் பிறகு வரும் உறைவுகளில் இது நம் நாட்டில் அதிகம் பேசப்பட்டது. தொற்று ஒரு காரணம். உடம்பில் நீர் வற்றுவது இன்னொன்று. நம்ம பக்கம் "பச்சை உடம்பு, தண்ணி கொடுத்தா வயிறு பெருத்துடும்" என்று ஒரு டம்ளர் வெந்நீரோடு நிறுத்திவிடுவார்கள். பத்தியக் குழம்பும் வறுத்த பூண்டும் கொடுங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீரை நிறுத்தாதீர்கள். பால் கொடுக்கிற உடம்பு. வேலூர் வெயிலில், மூடிய அறையில், வேர்த்து வேர்த்து ரத்தமே கெட்டிப்படும். நான் வீட்டுக்குப் போனால் முதலில் மாமியாரிடம்தான் பேசுவேன். அவர்கள் கையில்தான் செம்பு இருக்கிறது. விடாத தலைவலி, வலிப்பு, ஒரு கை மரத்துப்போவது இருந்தால் "காத்து கருப்பு" என்று மந்திரிக்கப் போகாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

—

ஆரணிப்பட்டு எழுதியது:

அக்கா, இதை என் நாத்தனாருக்கு இப்போதே அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் அவளுக்குப் பிரசவம்.

—

வாலாஜா_சாலை எழுதியது:

காசநோயைப் பற்றியும் சொல்லணும். அப்பா தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். நுரையீரல் காசநோய் என்று கண்டுபிடித்துச் சிகிச்சை ஆரம்பித்த கொஞ்ச நாளில் இடது கால் வீங்கியது. டாப்ளரில் உறைவு. காசநோய் முற்றியவர்களுக்கு ரத்தம் உறையும் தன்மை கூடும் என்றும், நெறிகள் பெருத்துச் சிரையை அழுத்துவதும் உண்டு என்றும் விளக்கினார்கள்.

அவதிப்பட்டது அதற்கப்புறம்தான். வார்ஃபரின் கொடுத்தார்கள். ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு இரண்டுக்கு மேல் ஏற வேண்டும் என்றார்கள். ஏறவே இல்லை. மாத்திரையைக் கூட்டினார்கள், கூட்டிக்கொண்டே போனார்கள். அப்பா மாத்திரையைச் சரியாகப் போடுவதில்லை என்று எங்கள் வீட்டிலேயே சண்டை. கடைசியில் ஒரு மருத்துவர்தான் காசநோய் மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசினைக் காட்டினார். அது கல்லீரலை முடுக்கிவிட்டு வார்ஃபரினைச் சீக்கிரம் அழித்துவிடுமாம்.

—

இரவுப்பணி எழுதியது:

வாலாஜா, உங்கள் அப்பாவைப் போல எத்தனையோ பேர் வீட்டில் திட்டு வாங்கியிருப்பார்கள். இதன் மறுபக்கம்தான் இன்னும் ஆபத்து. ஆறு மாதம் முடிந்து காசநோய் மாத்திரையை நிறுத்தியதும், அடுத்த சில வாரங்களில் கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்பும். கூட்டி வைத்த வார்ஃபரின் அளவு அப்படியே இருந்தால் ஐ.என்.ஆர். எகிறி ரத்தக்கசிவு வரும். ஈறில் ரத்தம், கறுப்பாக மலம் போவது அதன் அறிகுறி. நிறுத்தும் தேதியை இரண்டு மருத்துவர்களுக்கும் சொல்லி, அடிக்கடி ஐ.என்.ஆர். பார்க்கணும். ரிவரோக்சபான், அபிக்சபான் போன்ற புது மாத்திரைகளையும் ரிஃபாம்பிசின் செயலிழக்கச் செய்யும். "அதற்கு ரத்தப் பரிசோதனையே வேண்டாமாம்" என்று யாராவது சொன்னால் மாறிவிடாதீர்கள். வயிற்றில் போடும் ஹெப்பரின் ஊசிக்கு இந்தத் தொல்லை இல்லை.

—

கோட்டை_அகழி எழுதியது:

டாக்டர், முதலில் நான் கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொன்னதற்கு நன்றி. இன்னொரு சந்தேகம். நம்ம வட ஆற்காட்டில் கால் வீங்கினாலே யானைக்கால் என்பார்கள். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

—

சோதனைக்குழாய் எழுதியது:

இதை நான் சொல்கிறேன். பழைய வட ஆற்காடு முழுக்கவே யானைக்கால் இருந்த பகுதி. ராத்திரியில் ரத்தம் எடுக்க ஆட்கள் வந்ததைப் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள், அந்தப் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் சுற்றும். யானைக்கால் வீக்கம் வருடக்கணக்கில் மெல்ல ஏறும், தோல் தடித்துச் சொரசொரப்பாகும். உறைவு நாட்கணக்கில் வரும். இடையிடையே யானைக்கால்காரர்களுக்குக் குளிர் காய்ச்சலோடு கால் சிவந்து நெறி கட்டும். அங்கேதான் குழப்பம். ஏற்கெனவே வீங்கிய கால் திடீரென்று இன்னும் பெருத்தால் "வழக்கம்போலத்தான்" என்று விடாமல் டாப்ளர் பார்க்கச் சொல்வது நல்லது.

—

நெய்தொழில் எழுதியது:

வயலில் வேலை செய்பவர்களுக்கு வரும் காய்ச்சலிலும் இப்படி ஆகுமா? எங்கள் பக்கம் உண்ணிக் காய்ச்சல் என்று நிறையப் பேரைச் சேர்க்கிறார்கள்.

—

இரவுப்பணி எழுதியது:

நீங்கள் சொல்லும் உண்ணிக் காய்ச்சல்தான் ஸ்க்ரப் டைஃபஸ். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மழை முடிந்து பனி விழும் மாதங்களில் அதிகம். அந்தக் கிருமி ரத்தக்குழாயின் உட்சுவரிலேயே வாழ்வது, அதனால் உறைவு வர வழி இருக்கிறது. ஆனால் பெரிய ஆழ்சிரை அடைப்பு வெகு அரிது. அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழே என்று மறைவான இடத்தில் வலியில்லாத கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று உடம்பு முழுக்கத் தேடிப் பார்க்கணும். கடுமையான ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அதே அசித்ரோமைசின், காட்பாடி தம்பியின் நண்பருக்கு உதவாதது, இங்கே உதவுகிறது. கடையில் கேட்டு வாங்கக் கூடாது என்று தொண்டை கிழியச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று மெலியாய்டோசிஸ். சேற்றிலும் ஈரமண்ணிலும் இருக்கும் கிருமி. சர்க்கரை நோயுள்ள விவசாயிகளுக்கு அதிகம் வரும். 1912-இல் ரங்கூனில் மருத்துவர் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் சேர்ந்து இதை முதலில் விவரித்தார்கள். கல்லீரல், மண்ணீரல், எலும்பு எங்கும் சீழ்க்கட்டி வைக்கும், பக்கத்துச் சிரைகளில் உறைவு எப்போதாவது வரும். நரம்பூசி குறைந்தது இரண்டு வாரம், அதன்பின் மாதக்கணக்கில் மாத்திரை. காசநோய் போலவே தோற்றம் தரும். காசநோய் மாத்திரை போட்டும் தேறாத சர்க்கரை நோயாளி என்றால் இதை நினைக்கணும்.

—

சோதனைக்குழாய் எழுதியது:

ஆய்வகத்தில் மெலியாய்டோசிஸ் கிருமியைச் சாதாரண சூடோமோனாஸ் என்ற வேறு கிருமி என்று நினைத்து ஒதுக்கிவிடும் ஆபத்து உண்டு. காலனி (தட்டில் கிருமி வளர்ந்த திட்டு) முதலில் வழவழப்பாக இருக்கும், நாளாக நாளாகச் சுருக்கம் விழும். "நோயாளி விவசாயி, சர்க்கரை நோய் உண்டு" என்று சீட்டில் ஒரு வரி எழுதி அனுப்பினால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. எழுதுபவர்கள் குறைவு, அதில் எனக்கு வருத்தம் உண்டு.

—

ஆம்பூர்_ரயிலடி எழுதியது:

ஒரே ஒரு கேள்வி. இப்படிப்பட்ட காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தால் இரண்டு கையிலும் ரத்தம் எடுத்துப் பாட்டில் பாட்டிலாக நிரப்புகிறார்கள். என் பாட்டிக்கு எடுக்கும்போது "இருக்கிற ரத்தத்தையும் உறிஞ்சிட்டாங்க" என்று வீட்டில் ஒரே சத்தம். மருந்து ஏற்றிவிட்டுப் பிறகு எடுக்கக் கூடாதா? அவ்வளவு எதற்கு?

—

சோதனைக்குழாய் எழுதியது:

ஆன்டிபயாடிக் ஒரு டோஸ் உள்ளே போனாலே கிருமி கல்ச்சரில் வளராமல் போகலாம். அதனால்தான் மருந்துக்கு முன்னால் எடுக்கிறார்கள். ரத்தத்தில் கிருமி எப்போதும் நிறைந்து ஓடாது, பெரியவர்களுக்கு ஒரு மில்லியில் ஒன்றோ இரண்டோ இருந்தாலே பெரிது. குறைவாக எடுத்தால் அகப்படாது. பாட்டிலுக்கு எட்டு முதல் பத்து மில்லி. ஒரு பாட்டில் காற்றில் வளரும் கிருமிக்கு, இன்னொன்று காற்றில்லாமல் வளரும் கிருமிக்கு. லெமியர் நோயின் கிருமி இரண்டாவதில்தான் வளரும், அதற்குச் சில நாள் பிடிக்கும், பொறுமை வேணும். இரண்டு கையில் எடுப்பது, தோலில் இருந்த கிருமி ஊசியோடு வந்ததா, ரத்தத்திலேயே இருந்ததா என்று பிரித்தறிய. ஒரு பக்கம் மட்டும் தோல் கிருமி வளர்ந்தால் பெரும்பாலும் அது தோலிலிருந்து வந்தது, இரண்டிலும் ஒன்றே வளர்ந்தால் நம்பலாம். எல்லாம் சேர்த்தாலும் நாற்பது மில்லிக்குள்தான் வரும், ரத்த தானத்தில் கொடுப்பது 350 மில்லி. பாட்டிக்கு அதனால் ஒன்றும் குறையாது. குழந்தைகளுக்கு எடைக்குத் தகுந்தபடி இன்னும் குறைவாகத்தான் எடுப்பார்கள்.